மூத்த வகுப்பின் செய்தி மடல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லூரியை விட்டு வெளியே வந்து ஐம்பது ஆண்டுகளைக் கடந்துவிட்ட ஒரு வகுப்பின் செய்தி மடலை நீண்ட காலமாகத் தொகுத்து வருகிறேன். ‘செட்’ என்றும் ‘பேட்ச்’ என்றும் நாம் பேச்சில் சொல்லும் ஒரே ஆண்டு மாணவர்களைத்தான் இங்கே வகுப்பு என்கிறேன். வகுப்புத் தோழர்களும் அவர்களுடைய பிள்ளைகளும், இதே வேலையைப் புதிதாக ஏற்றுக்கொண்ட பிற வகுப்பினரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும், அனுபவத்தில் சரி என்று பட்ட விடைகளையும் கீழே தந்திருக்கிறேன்.

கல்லூரியே முன்னாள் மாணவர் இதழ் வெளியிடுகிறதே, வகுப்புக்கென்று தனி மடல் எதற்கு?

கல்லூரி இதழ் கல்லூரியைப் பற்றியது. புதிய கட்டடம், புதிய பாடப்பிரிவு, தரவரிசை, நன்கொடை என்று அதற்கு அதன் கவலைகள் உண்டு; அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வகுப்பு மடலோ ஒரே நேரத்தில் ஒரே மணியோசைக்கு வகுப்பறைக்குள் ஓடியவர்களுக்காக எழுதப்படுவது. முன்னாள் மாணவர்களை வகுப்பு வாரியாக ஒருங்கிணைக்கும் வழக்கம் அமெரிக்காவின் யேல் கல்லூரியில் 1792-ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது. வில்லியம்ஸ் கல்லூரியில் 1821-இல், தலைவர் மாணவர்களில் ஒரு பகுதியினரோடு வேறிடம் சென்று புதிய கல்லூரி தொடங்கப் புறப்பட்டபோது, இருக்கும் கல்லூரி நிலைக்குமா என்ற அச்சத்தில் பழைய மாணவர்கள் கூடிச் சங்கம் அமைத்தார்கள். அது இன்றுவரை இயங்குகிறது. ஹார்வர்டில் ஒவ்வொரு வகுப்பும் ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை தன் உறுப்பினர்களே எழுதிய குறிப்புகளைத் திரட்டிப் புத்தகமாக அச்சிடுகிறது. ஆக, இது ஓய்வுபெற்றவர்கள் பொழுதுபோக்காகக் கண்டுபிடித்த வேலையன்று.

கல்லூரிச் செய்திகளில் எவற்றையெல்லாம் மடலில் சேர்க்க வேண்டும்?

நாம் நடந்த இடமா, நமக்குக் கற்பித்தவரா, நாம் படித்த துறையா என்ற மூன்று கேள்விகளில் ஒன்றுக்காவது ‘ஆம்’ என்று பதில் வந்தால் சேர்க்கிறேன். வராவிட்டால் கல்லூரி இதழே அதைப் பார்த்துக்கொள்ளும். பழைய வேதியியல் ஆய்வகம் இடிக்கப்பட்டதைக் கல்லூரி இதழ் புதிய வளாகத்தைப் பற்றிய பெரிய கட்டுரையின் நடுவே ஒரே வரியில் சொல்லியிருந்தது. அந்த ஒரு வரியை மட்டும் எடுத்து எங்கள் மடலில் போட்டபோது பதினொரு பேர் பதில் எழுதினார்கள். ஜன்னலோரம் இருந்த, வாயு தயாரிக்கும் கண்ணாடிக் கலமான கிப் கருவியிலிருந்து கசிந்த அழுகிய முட்டை நாற்றத்தை நினைவுகூராதவர் அவர்களில் ஒருவர்கூட இல்லை. அந்தக் கருவியின் நடுக்குடுவையில் ஒரு விரிசல் இருந்தது என்றும், அதை மெழுகு வைத்து அடைத்தவர் ஆய்வக உதவியாளர்தான் என்றும், அவர் பெயர் யாருக்காவது நினைவிருக்கிறதா என்றும் ஒருவர் கேட்டிருந்தார். அடுத்த மடலில் பெயர் வந்தது. கல்லூரி இதழால் செய்ய முடியாத வேலை இதுதான்.

ஆசிரியர்களைப் பற்றிய செய்திக்கும் முதலிடம் உண்டு. நமக்கே இந்த வயது என்றால், நமக்குக் கற்பித்தவர்களில் இன்னும் இருப்பவர்கள் மிகச் சிலர்தான். அவர்களுக்கும் ஒவ்வொரு மடலின் பிரதியையும் அனுப்புவது நல்லது.

எனக்குச் சொல்லும்படியான செய்தி எதுவும் இல்லை. நான் என்ன எழுதுவது?

ஒவ்வொரு மடலுக்கு முன்பும் நான் அதிகம் கேட்கும் வாக்கியம் “விசேஷமாக ஒன்றுமில்லை” என்பதே. முப்பது வயதில் செய்தி என்றால் வேலை, திருமணம், குழந்தை. ஐம்பதில் பதவி உயர்வும் பிள்ளைகளின் படிப்பும். அந்த அளவுகோலையே எழுபத்தைந்திலும் கையில் வைத்துக்கொண்டு தம் வாழ்க்கையை அளப்பதால்தான், எழுதுவதற்கு எதுவும் இல்லை என்று பலர் ஒதுங்கிக்கொள்கிறார்கள். செய்தி இல்லாமல் போகவில்லை. செய்தியின் வடிவம் மாறிவிட்டது. இதைத் தொகுப்பவர் முதலில் உணர்ந்துகொள்ள வேண்டும். பிறகு தம் கேள்விகளை மாற்றிக்கொள்ள வேண்டும்.

ஒருமுறை தொலைபேசியில் ஒரு தோழரிடம் வழக்கம்போல என்ன செய்தி என்று கேட்டேன். வழக்கம்போல ஒன்றுமில்லை என்றார். பேசிக்கொண்டே இருந்தபோது அவர் பக்கத்திலிருந்து மெல்லிய உலோகத் தட்டல் ஒலி விட்டுவிட்டுக் கேட்டது. என்ன சத்தம் என்று கேட்டேன். சுவர்க் கடிகாரம் ஒன்றைப் பழுது பார்த்துக்கொண்டிருப்பதாகவும், பழைய கடிகாரங்களை வாங்கிப் பிரித்து ஓடவைக்கும் பழக்கம் ஓய்வுக்குப் பிறகு வந்ததாகவும் தயங்கிச் சொன்னார். வீட்டில் அப்போது பதினான்கு கடிகாரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றில் இரண்டுகூட ஒரே நேரம் காட்டுவதில்லை என்று பின்னாலிருந்து அவர் மனைவி சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது. அதை அப்படியே மடலில் எழுதினேன். அடுத்த மாதத்துக்குள் இரண்டு பேர் தங்கள் வீட்டில் நின்றுபோயிருந்த கடிகாரங்களை அவருக்கு அனுப்பிவைத்துவிட்டார்கள்.

ஆகவே “என்ன செய்தி?” என்று கேட்காதீர்கள். காலையில் எழுந்ததும் முதல் ஒரு மணி நேரம் எப்படிப் போகிறது, தலைமாட்டில் இப்போது என்ன புத்தகம் இருக்கிறது, சமீபத்தில் புதிதாக எதைக் கற்றுக்கொண்டீர்கள், எதைச் செய்வதை விட்டுவிட்டீர்கள் என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு வரும் பதில்கள்தாம் சிறந்தவை. வண்டி ஓட்டுவதை நிறுத்திய நாளைப் பற்றி ஒருவர் எழுதிய ஆறு வரிகள், அவர் பணிக்காலத்தில் பெற்ற விருதுகளின் பட்டியலைக் காட்டிலும் அதிகமான பேரை எழுத வைத்தன.

கல்லூரி நினைவுகளைக் கேட்டால் எல்லோரும் தாராளமாக எழுதுவார்கள். நடுவயதைக் கடந்தவர்களிடம் வாழ்க்கையில் நினைவுக்கு வருவதைச் சொல்லச் சொன்னால், சுமார் பத்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடைப்பட்ட காலமே மிகுதியாக மேலெழுந்து வருவதை உளவியலாளர்கள் பல ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். நம் கல்லூரி நாட்கள் அதன் நட்டநடுவில் விழுகின்றன. அதனால்தான் எச்சரிக்கையும் தேவைப்படுகிறது. விட்டுவிட்டால் மடல் முழுவதும் அந்தக் காலமே நிறைந்துவிடும். இப்போது வாழ்ந்துகொண்டிருப்பவர்களின் மடல் இது என்பது மறந்துபோகும். பழைய நினைவுக்குப் பக்கத்துக்கு ஒன்று என்பது என் வரம்பு.

இரங்கல் குறிப்புகளே மடலை நிறைக்கின்றன என்று பலர் வருந்துகிறார்களே, தவிர்க்க முடியாதா?

முடியாது, அது கணக்கு. ஒருவர் ஓராண்டுக்குள் இறப்பதற்கான வாய்ப்பு வயதோடு ஒரே சீராகக் கூடுவதில்லை, மடங்கு மடங்காகப் பெருகுகிறது என்பதைப் பெஞ்சமின் கோம்பெர்ட்ஸ் என்ற பிரிட்டன் கணித அறிஞர் 1825-இல் விளக்கினார். இன்றைய கணக்கில் அது ஏறத்தாழ எட்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை இரட்டிப்பாகிறது. அப்படியானால் 62 வயதில் இருந்த வாய்ப்பு 78 வயதில் சுமார் நான்கு மடங்கு. ஆண்டுக்கு ஓர் இரங்கல் குறிப்பு எழுதிப் பழகிய தொகுப்பாளர், சில ஆண்டுகளுக்குள் ஒவ்வொரு மடலிலும் மூன்று எழுத நேரும்போது, வகுப்புக்கு ஏதோ கெட்ட காலம் வந்துவிட்டதாக மனம் கலங்க வேண்டியதில்லை.

அவற்றை எங்கே வைப்பது, எப்படி எழுதுவது என்பதே நம் கையில் இருக்கிறது. நான் அவற்றை மடலின் கடைசிப் பகுதியில் வைக்கிறேன். உறையைப் பிரித்ததும் முதலில் கண்ணில் படுவது யாரோ ஒருவருடைய கடிகாரமாகவோ பேரப்பிள்ளையோடு ஆடிய சதுரங்கமாகவோ இருக்க வேண்டும். குறிப்பில் வகித்த பதவிகளை இரண்டு வரியில் முடித்துவிட்டு, அவரோடு அறையில் தங்கியவரிடமோ பக்கத்து இருக்கையில் அமர்ந்தவரிடமோ கேட்டு ஒரே ஒரு நிகழ்ச்சியைச் சேர்க்கிறேன். நோயின் விவரமும் கடைசி நாட்களின் மருத்துவமனைக் கதையும் வேண்டாம். “ஈடுசெய்ய இயலாத இழப்பு” என்ற தொடரை இருபது குறிப்புகளில் எழுதிய பிறகு, இருபது பேரையும் அது ஒன்றாக்கிவிட்டதை உணர்ந்து நிறுத்திக்கொண்டேன்.

இறந்த செய்தி உண்மைதானா என்று எப்படி உறுதி செய்வது?

இதை நான் தவறு செய்துதான் கற்றுக்கொண்டேன். எங்கள் வகுப்பில் ஒரே பெயருடையவர்கள் இருவர். முன்னெழுத்து மட்டும் வேறு. அவர்களில் ஒருவர் மறைந்ததாக வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது; முன்னெழுத்து இல்லை. நான்கைந்து பேர் உடனே இரங்கல் தெரிவித்தார்கள். மடல் அச்சுக்குப் போகும் நாள் அது. எனக்கு நெருக்கமாகப் பழக்கமான ஒருவரே அவர் என்று நானாக எண்ணிக்கொண்டு, மனம் கசிந்து அரைப்பக்கக் குறிப்பு எழுதி, படத்தோடு வெளியிட்டுவிட்டேன். மடல் போய்ச் சேர்ந்த இரண்டாம் நாள் அவரே தொலைபேசியில் அழைத்தார். “குறிப்பு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் எம்.எஸ்ஸி. முடிக்கவில்லை. அதை மட்டும் திருத்திவிடுங்கள்” என்றார்.

அவர் சிரித்துவிட்டதால் அந்தப் பக்கம் தப்பித்தேன். மற்றொரு பக்கம் அப்படி முடியவில்லை. உண்மையில் மறைந்தவரின் மகள், தந்தையின் கல்லூரி மடலில் அவரைப் பற்றி ஒரு வரியாவது இருக்கும் என்று பிரித்துப் பார்த்திருக்கிறார். அதில் தந்தையின் பெயர் இருந்தது, வேறொருவர் முகமும் வேறொருவர் வாழ்க்கையும் இருந்தன. அடுத்த மடலின் முதல் பக்கத்தில் திருத்தமும் மன்னிப்பும் வெளியிட்டேன். கடைசிப் பக்கத்தில் சிறிய எழுத்தில் போட்டிருந்தால் அது மன்னிப்பு ஆகியிருக்காது.

அன்றிலிருந்து என் விதி இது: ஒன்றையொன்று சாராத இரண்டு இடங்களிலிருந்து உறுதி வர வேண்டும், அவற்றில் ஒன்று குடும்பத்தாராக இருக்க வேண்டும். ஒரே செய்தியைப் பத்துப் பேர் பகிர்ந்தாலும் அது ஒரே இடம்தான். முழுப்பெயர், முன்னெழுத்து, படித்த துறை, தங்கிய விடுதி ஆகிய நான்கும் பதிவேட்டோடு பொருந்த வேண்டும். சந்தேகம் நீங்காவிட்டால் அடுத்த மடல்வரை காத்திருக்கலாம். தாமதமாக வந்த இரங்கலுக்காக எவரும் என்னிடம் கோபித்துக்கொண்டதில்லை.

உடல்நலக் குறைவைப் பற்றி மடலில் எழுதலாமா?

உரியவர் தாமே எழுதச் சொன்னால் எழுதலாம், அவர் சொன்ன அளவுக்கு மட்டும். நண்பர் சொன்னார், மைத்துனர் சொன்னார் என்பதெல்லாம் அனுமதி ஆகாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மே 25 முதல் நடைமுறையில் இருக்கும் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறை, உடல்நலத் தகவலைச் சாதாரணத் தகவல்களிலிருந்து பிரித்துத் தனிப் பாதுகாப்புக்கு உரியதாக வைத்திருக்கிறது. சிறிய மடலைச் சட்டம் தேடி வருமா என்பதைவிட, தன் நோய் நூறு பேருக்குத் தெரிந்துவிட்டதை உரியவர் மூன்றாம் மனிதர் வழியாக அறிவது எவ்வளவு கொடுமை என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

மறதி நோய் வந்தவர்கள் விஷயத்தில் வாழ்க்கைத் துணையிடமோ பிள்ளைகளிடமோ கேட்க வேண்டியிருக்கிறது. நோயின் பெயரையும் நிலையையும் விட்டுவிட்டு, படிப்பவர் என்ன செய்யலாம் என்பதை எழுதுவதே பயன்படும்: முற்பகலில் அழைத்தால் பேசுவார், பெயரைச் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள், “என்னைத் தெரிகிறதா?” என்று சோதிக்காதீர்கள், பழைய பாட்டு ஒன்றைப் பற்றிப் பேசினால் மகிழ்வார். இப்படி ஒரு குறிப்பு வந்த பிறகு அந்த வீட்டுக்குப் பன்னிரண்டு அழைப்புகள் போயின. அதற்கு முந்தைய ஓராண்டில் ஒன்றுகூடப் போயிருக்கவில்லை; அக்கறை இல்லாமல் அன்று, எப்படிப் பேசுவது என்று தெரியாமல்.

தோழர் மறைந்த பிறகு அவர் துணைவருக்கு மடல் அனுப்பலாமா?

கேட்டுவிட்டு அனுப்புங்கள், கேட்காமல் நிறுத்தாதீர்கள். கணவர் பெயரில் ஐம்பது ஆண்டுகளாக வந்துகொண்டிருந்த மடல் திடீரென நின்றபோது இன்னொரு முறை இழந்ததுபோல் இருந்தது என்று ஒரு பெண்மணி எழுதினார். எங்கள் மடலை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்துப் பிழை சுட்டிக்காட்டுபவர் இன்று அவர்தான்.

பல ஆண்டுகளாகத் தொடர்பில்லாதவர்களை எப்படிக் கண்டுபிடிப்பது?

இணையத்தில் பெயரைத் தட்டிப் பார்ப்பதிலிருந்துதான் எல்லோரும் தொடங்குகிறார்கள். பெரும்பாலும் அங்கேயே முடித்தும்விடுகிறார்கள். இந்தத் தலைமுறையில் பலர் இணையத்தில் தடமே இல்லாமல் வாழ்ந்தவர்கள் என்பதை நினைவில் வைக்க வேண்டும். அதைவிடப் பலன் தருவது மனிதர்களின் நினைவே. வகுப்புப் படம் ஒன்றை எடுத்து, காணாமல் போனவருக்கு இருபுறமும் நிற்பவர்கள் யார் என்று பாருங்கள். அவர்களில் ஒருவருக்கு ஏதாவது தெரிந்திருக்கும். விடுதி அறைத்தோழர், ஆய்வகத்தில் கூட்டாகச் சோதனை செய்தவர், விளையாட்டு அணியில் இருந்தவர் என்று அடுத்தடுத்துக் கேட்க வேண்டும். மருத்துவர், வழக்கறிஞர் போன்றோருக்குத் தொழில் பதிவேடுகள் உண்டு. திருமணத்துக்குப் பின் பெயர் மாறிய பெண்களைத் தேடும்போது அவர்களுடைய சகோதரர்கள் வழியாகப் போவது பெரும்பாலும் குறுக்கு வழி.

கிடைத்த எண்ணை உடனே குழுவில் போட்டுவிடாதீர்கள். முதலில் ஒருவர் மட்டும் பேச வேண்டும். தொடர்பு வேண்டாம் என்று சொல்வோரும் உண்டு. காரணம் கேட்க நமக்கு உரிமை இல்லை. ஒருவர், “கூட்டத்துக்கு வர மாட்டேன், அழைக்கவும் வேண்டாம், மடலை மட்டும் அனுப்புங்கள்” என்றார். பத்து ஆண்டுகளாக அனுப்புகிறேன். பதில் வந்ததில்லை, திரும்பியும் வந்ததில்லை.

வாட்ஸ்அப் குழு இருக்கும்போது மடல் தேவையா?

குழுவில் 1024 பேர்வரை சேரலாம் என்பதால் எண்ணிக்கை ஒரு சிக்கலே அன்று. நிலைக்காமல் ஓடிவிடுவதே சிக்கல். காலை வணக்கப் படங்களுக்கும் மருத்துவக் குறிப்புகளுக்கும் இடையே ஒருவர் தம் கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்ததை எழுதினால், மாலைக்குள் அது மேலே போய் மறைந்துவிடும். மறுநாள் குழுவைத் திறப்பவருக்கு அது தெரியாது. அரசியல் வாக்குவாதத்தால் குழுவை விட்டு வெளியேறியவருக்கு எதுவுமே தெரியாது.

குழு வேண்டாம், ஒலிபரப்புப் பட்டியல் வழியாக எல்லோருக்கும் தனித்தனியாக அனுப்புகிறேன் என்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அப்படி அனுப்பும் செய்தி, உங்கள் எண்ணைத் தம் கைபேசியில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே போய்ச் சேரும். சேமிக்காதவருக்குப் போகவில்லை என்பது உங்களுக்குத் தெரியாது. தம்மை எல்லோரும் மறந்துவிட்டார்கள் என்று அவர் நினைத்துக்கொண்டிருப்பார்.

பிறருடைய மேடையை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு யாகூ குழுமங்கள் சான்று. உலகெங்கும் எத்தனையோ வகுப்புகள் தம் பழைய கடிதங்களையும் படங்களையும் அங்கேதான் சேர்த்து வைத்திருந்தன. உறுப்பினர்கள் சேமித்தவற்றை முதலில் நீக்கிவிட்டு, 2020 டிசம்பர் 15 அன்று அந்தச் சேவையையே நிறுத்திவிட்டார்கள். முன்னறிவிப்பு மின்னஞ்சலில் வந்தது; பழைய மின்னஞ்சல் முகவரியை எப்போதோ கைவிட்டவர்களுக்கு அதுவும் கிடைக்கவில்லை. ஒவ்வொரு மடலுக்கும் ஒரு காகிதப் பிரதியும், இருவேறு வீடுகளில் கணினிப் பிரதியும் இருக்கட்டும்.

எழுத்தும் அமைப்பும் எப்படி இருக்க வேண்டும்?

அறுபது வயதுக் கண்ணின் விழித்திரைக்கு, இருபது வயதில் சென்ற ஒளியில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் சென்று சேர்கிறது. பாவை சுருங்குவதும் வில்லை மஞ்சளாவதும் காரணம். ஆகவே எழுத்தின் அளவு 14 புள்ளிக்குக் குறையாமலும், வெள்ளையில் கறுப்பாகவும் இருக்க வேண்டும். அழகுக்காகச் சாம்பல் நிற எழுத்தைப் பயன்படுத்தும் இளைஞர்களின் உதவியை நன்றியோடு மறுத்துவிடுங்கள். பளபளப்பான தாள் வேண்டாம். விளக்கொளி அதில் பட்டுக் கண்ணைக் கூசவைக்கும். பார்வை மங்கியவர்களுக்காக ஒருவர் மடலை வாசித்துப் பதிவு செய்து அனுப்பலாம். குரலை உயர்த்துவதைவிட நிறுத்தி, மெய்யெழுத்துகளைத் தெளிவாக உச்சரித்து வாசிப்பதே முதுமைக் காதுக்கு உதவும்.

வகுப்புத் தோழர் பெயரில் பணம் கேட்டுச் செய்தி வந்தால்?

அனுப்பாதீர்கள். உங்களிடம் முன்பே இருக்கும் எண்ணில் அவரையோ அவர் வீட்டாரையோ அழைத்துப் பேசிய பிறகே மற்றது. முகவரிப் பட்டியலை இணையத்தில் யாரும் திறக்கும்படி வைப்பது இத்தகைய மோசடிகளுக்கு நாமே வாசலைத் திறந்துவிடுவதாகும். மடலிலும் எண்களை அச்சிடாமல், தொகுப்பாளரிடம் கேட்டுப் பெறும்படி வைப்பதே பாதுகாப்பு.

மறைந்தவர்களின் பெயரில் இன்னும் பிறந்தநாள் நினைவூட்டல் வருகிறதே?

வருவதோடு, சிலர் அதைப் பார்த்து வாழ்த்தும் அனுப்பிவிடுகிறார்கள். அதைக் குடும்பத்தார் பார்க்கிறார்கள். கணக்கை நினைவுக் கணக்காக மாற்றும்படி ஃபேஸ்புக்கிடம் குடும்பத்தார் கேட்கலாம். அதற்கு முன்பே நாம் செய்யக்கூடியதும் உண்டு: தமக்குப் பின் கணக்கைப் பார்த்துக்கொள்ளும் ஒருவரை நியமிக்கும் வசதியை கூகுள் 2013-லும், ஃபேஸ்புக் 2015-லும், ஆப்பிள் 2021-லும் கொண்டுவந்தன. பேரப்பிள்ளை பக்கத்தில் இருக்கும் ஒரு மாலையில் பத்து நிமிடத்தில் முடியும் வேலை இது.

பழைய படங்களை என்ன செய்வது?

பெயரைக் கண்டுபிடிப்பதே அவசரம். படம் இன்னும் பல ஆண்டுகள் இருக்கும், பெயர் தெரிந்தவர்கள் இருக்க மாட்டார்கள். வகுப்புப் படத்தைப் பெரிதாக்கி, ஒவ்வொரு முகத்துக்கும் எண் கொடுத்து, மடலோடு அனுப்பினால் பதில்கள் குவியும். எங்கள் படத்தில் மூன்றாம் வரிசையில் இடமிருந்து ஐந்தாவது முகத்தைத் தம் முகம் என்று இருவர் உரிமை கொண்டாடினர். கடைசியில் அது இருவருமே இல்லை, படம் எடுக்கும்போது வேடிக்கை பார்க்க வந்து நின்ற அடுத்த வகுப்பு மாணவர் என்று தெரிந்தது. தாளில் அச்சிட்ட பழைய படத்தின் பின்புறம் பெயர் எழுத மென்மையான பென்சிலே ஏற்றது. பந்துமுனைப் பேனா முன்புறம் தடம் பதிக்கும். சிறிய படங்களை 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி) அளவில் வருடி, அதாவது ஸ்கேன் செய்து, வைத்தால் பின்னால் பெரிதாக்க முடியும்.

பயணம் செய்ய முடியாதவர்கள் ஆண்டுச் சந்திப்பில் எப்படிக் கலந்துகொள்வது?

கூட்டத்தை நேரலையில் காட்டுவதை மட்டும் போதும் என்று நினைக்காதீர்கள். நாற்பது பேர் ஒரே நேரத்தில் பேசும் அரங்கை ஒரு மூலையிலிருந்து கேமராவில் பார்ப்பவருக்குத் தனிமைதான் கூடும். சந்திப்பு நாளில் தனி அறை ஒன்றில் கணினி வைத்து, வந்திருப்பவர்கள் இருவர் இருவராகப் போய் அவரோடு பத்து நிமிடம் பேசுவது எங்களுக்கு நன்றாக அமைந்தது. ஜூம் இலவசக் கணக்கில் குழு உரையாடல் நாற்பது நிமிடத்தில் துண்டிக்கப்படும் என்பதை முன்பே சொல்லிவிடுங்கள். பேச்சின் நடுவே திரை அணைந்தபோது, ஒருவர் தாம் ஏதோ தவறான பொத்தானை அழுத்திவிட்டதாக நாள் முழுவதும் வருந்தியிருக்கிறார்.

நேரில் வருபவர்களுக்குத் தரைத்தளம், கைப்பிடி உள்ள நாற்காலி, பின்னணி இசை இல்லாத அறை, தூரத்திலிருந்தே படிக்கக்கூடிய பெயரட்டை ஆகியவை போதும். பெயரட்டையில் கல்லூரி நாளில் வழங்கிய பெயரும் இருக்கட்டும். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில், வந்திருப்போரில் மிக மூத்த வகுப்பைச் சேர்ந்தவரிடம் வெள்ளிப் பூண் போட்ட கைத்தடி ஒன்றைக் கொடுத்து ஊர்வலத்தில் பங்கெடுக்கச் செய்வார்கள். கைத்தடியைக் கௌரவமாக்கிய அந்த யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது.

வராமல் ஒதுங்குபவர்களை வற்புறுத்தலாமா என்றும் கேட்கிறார்கள். 1938-இல் தொடங்கி ஹார்வர்டு மாணவர் 268 பேரை வாழ்நாள் முழுவதும் பின்தொடர்ந்த ஆய்வில், ஐம்பது வயதில் உறவுகளில் நிறைவோடு இருந்தவர்களே எண்பதில் கூடுதல் நலத்தோடு இருந்ததைக் கண்டார்கள். ஆனால் நிறைவான உறவு என்பது கூட்டமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஒருமுறை கேளுங்கள், மறுத்தால் மடலை அனுப்புங்கள்.

நன்கொடை வேண்டுகோளை மடலில் சேர்க்கச் சொல்லிக் கல்லூரி கேட்கிறது. சேர்க்கலாமா?

தனித்தாளாக இணைக்கலாம். மடலுக்குள் வேண்டாம். இரங்கல் குறிப்புக்கு அடுத்த பக்கத்தில் ஒருநாளும் வேண்டாம்.

தொகுப்பாளருக்கும் வயதாகிறது. அவருக்குப் பின் யார்?

தாம் நன்றாக இருக்கும்போதே இதைத் தீர்மானிக்காத தொகுப்பாளர், மற்றவர்களின் இரங்கல் குறிப்புகளை எழுதியும் எதையும் கற்றுக்கொள்ளவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். முகவரிப் பட்டியல், கடவுச்சொற்கள், பதிவேடு ஆகியவற்றின் பிரதி இன்னும் இருவரிடம் இருக்க வேண்டும். அவர்களில் ஒருவர் வயதில் இளையவராக, யாராவது ஒரு தோழரின் மகளாகவோ மகனாகவோ இருந்தால் மிக நல்லது. எங்கள் மடலின் கடைசி இரண்டு இதழ்களைக் கணினியில் அமைத்தவர் கடிகாரத் தோழரின் மகள்.

எண்ணிக்கை குறையக் குறைய மடலும் சிறுக்கட்டும். எட்டுப் பக்கம் நான்காகலாம், ஆண்டுக்கு நான்கு இதழ் இரண்டாகலாம். பழைய இதழ்களை ஆண்டு வரிசையில் கட்டடம் செய்து கல்லூரி நூலகத்திடம் ஒப்படைக்கும்போது, யார் பார்க்கலாம், எத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு பொதுப் பார்வைக்குத் திறக்கலாம் என்று எழுத்தில் ஓர் உடன்பாடு செய்துகொள்ள வேண்டும். உடல்நலத்தையும் குடும்பத்தையும் பற்றி நம்பி எழுதியவர்கள் பலர் இன்னும் இருக்கிறார்கள். நாங்கள் இருபத்தைந்து ஆண்டுகள் என்று எழுதிக் கையொப்பமிட்டிருக்கிறோம். நூலகர் பற்றுச்சீட்டு கொடுத்தார். அதையும் பதிவேட்டில் ஒட்டி வைத்திருக்கிறேன்.